மதகடியில் விட்ட பை

அத்தான் சிறையிலிருந்து வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. மாசி மாதம். எங்கள் முரசுமோட்டையில் காலபோக நெல் வெட்டு முக்கால்வாசி முடிந்திருந்தது. தெருவோரம் முழுக்க நெல் காயப்போட்டிருந்ததால் ஓட்டோக்காரர் வளைந்து வளைந்து வந்தார். வானில் மழைக்குறி இல்லை. வடக்கிலிருந்து மெல்லிய காற்று.

இவற்றையெல்லாம் நான் ஞாபகத்திலிருந்து எழுதவில்லை. கமநல சேவை நிலையத்தில் எழுதுவினைஞராக இருந்து இளைப்பாறியவன் நான். குளம் நிரம்பி வான் பாய்ந்த நாள், முதல் மழை, ஊரில் பிறந்தவர், இறந்தவர் என்று நாட்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் எழுதி அடுக்கி வைப்பது என் பழக்கம். அன்றைய தாளில் ‘அத்தான் வந்தார். எல்லாரும் சந்தோசம்’ என்று இருக்கிறது. அப்போது அது பிழையான செய்தி அல்ல.

அவர் என்ன வழக்கில் உள்ளே இருந்தார் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. போர் முடிந்து முகாமிலிருந்து வெளியே வந்த கையோடு கொண்டுபோனார்கள். வழக்கு இழுபட்டது, தீர்ப்பு வந்தது, தண்டனை முடிந்தது. அக்கா அந்தக் காலம் முழுவதும் ஒரு சிவப்புக் கோடு போட்ட பெரிய பையோடு தெற்கே போய் வந்தார். பையில் எள்ளுருண்டை, சவர்க்காரம், துவாய், பனங்கட்டி. போகும் பெண்கள் எல்லோரும் ஒரே ரயிலில், ஒரே பெட்டியில் ஏறுவார்கள். தங்களுக்குள் சீட்டுப் பிடித்துக்கொடுப்பார்கள். எந்த அதிகாரி நல்லவன், எந்தச் சாமானை உள்ளே விடமாட்டான் என்று கதைப்பார்கள்.

அந்தப் பெட்டியில்தான் ஒரு சடங்குமுறையும் உருவானது. செத்த வீட்டுக்குப் போய் வந்தால் கிணற்றடியில் தலைமுழுகிவிட்டு உள்ளே வரவேண்டும் என்பது எங்களுக்குத் தெரியும். சிறை மறியலிலிருந்து வருகிறவருக்கு என்ன செய்யவேண்டும் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. ஆகவே அந்தப் பெண்களே ஒன்றைச் செய்துகொண்டார்கள். வருகிறவர் வீட்டு வேலிப் படலைக்கு முன்னால் நிற்கவேண்டும். அங்கிருந்து கொண்டுவந்த எதுவும் வீட்டுக்குள் வரக்கூடாது. உடுத்த உடுப்பும் கையில் இருக்கும் பையும் ஓடுகிற தண்ணீரில் போகவேண்டும். பிறகு குளித்து, புது வேட்டி கட்டி, தேங்காய் உடைத்து உள்ளே வரலாம். இப்படிச் செய்த வீடுகளுக்குத் திரும்பவும் பிடித்துப்போக யாரும் தேடி வரவில்லை என்று யாரோ சொல்ல, அது நிலைத்துவிட்டது. பூவரசங்குளத்தில் ஒருத்தி தன் புருஷன் கொண்டுவந்த சீப்பைக்கூட உள்ளே விடவில்லையாம்.

எங்கள் வீட்டுக்கு முன்னால் வாய்க்கால் ஓடுகிறது. அதன்மேல் ஒரு மதகு. போகத்துக் கடைசித் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அக்கா விடியவே மதகடியைக் கூட்டித் தண்ணீர் தெளித்து, வேட்டியும் துவாயும் தேங்காயும் கர்ப்பூரமும் வைத்துக்கொண்டு நின்றார். ஓட்டோ நின்றதும் ஓடிப்போய்க் கட்டிப்பிடிப்பார் என்று பார்த்தேன். அக்கா கையை நீட்டித் தடுத்தார்.

“அங்கையே நில்லுங்கோ! கிட்ட வராதேங்கோ!”

அத்தான் நின்றார். பிறகு இரண்டு கைகளையும் மேலே தூக்கி, கால்களை அகட்டி, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு நின்றார்.

“என்னப்பா இது? கையை இறக்குங்கோ. சனம் பாக்குது.”

அவர் இறக்கிச் சிரித்தார். “பழகிப்போச்சு. ஆரும் நில் எண்டால் கை தன்பாட்டிலை போகுது.”

பக்கத்து வீட்டு அன்ரி சொன்னார்: “பிள்ளை, உன்ர மனுசன் சரணடையிறார். பிடிச்சு உள்ளுக்கை போடு.” எல்லோரும் சிரித்தோம்.

“கையிலை இருக்கிற பையைக் கீழை வையுங்கோ,” என்றார் அக்கா.

உடனே வைத்தார். நீல நிறப் பிளாஸ்டிக் சொப்பின் பை. வாய் முடிச்சுப் போட்டிருந்தது. அக்கா அதைக் கையால் தொடவில்லை. காலால் தள்ளினார். பை மதகுக் கட்டிலிருந்து விழுந்து, மிதந்து, ஒருதரம் சுழன்று, மதகுக்குக் கீழே போனது. அத்தான் இரண்டு எட்டு வைத்து மதகின் மறுபக்கம் போய், அது வெளியே வந்து நாணலுக்குள் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். போன வருஷங்களுக்கு விடைகொடுக்கிறார் என்று நினைத்தேன்.

“துலைஞ்சுது சனியன்,” என்று அக்கா தேங்காயை உடைத்தார்.

அன்று காலை தேநீர் குடித்து முடித்ததும் அத்தான் அக்காவைப் பார்த்து வாயை அகலத் திறந்து, நாக்கை மேலே உயர்த்திக் காட்டினார். ஒரு கணம்தான். பிறகு வெட்கப்பட்டு மூடிக்கொண்டார்.

“பல்லுக்கை ஏதும் பட்டிட்டுதோ?”

“இல்லையப்பா. சும்மா.”

அடுத்த நாள் காலை நான் வேப்பங்குச்சியோடு நின்றபோது அத்தான் பக்கத்தில் வந்தார்.

“மச்சான், இந்த வாய்க்கால் எங்கை போய் முடியுது?”

இப்படி ஒரு கேள்வியை என்னிடம் கேட்டால் போதும். இரணைமடுவிலிருந்து தொடங்கி, கிளை வாய்க்கால்கள் எங்கே பிரிகின்றன, எந்த வயல்களுக்குப் பாய்கின்றன, கழிவு நீர் எப்படிச் சுண்டிக்குளம் களப்பில் போய் விழுகிறது என்று சொல்லி முடித்தேன்.

“அப்ப கடைசியிலை உப்புத்தண்ணிதான்,” என்றார்.

“ஓம் அத்தான். கடல்தானே.”

தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்.

அதன் பிறகு வந்த நாட்களைப் போல எங்கள் வீட்டில் நாட்கள் இருந்ததில்லை. அவர் வேலிக்குக் கதியால் தடிகள் நட்டார், பம்ப் மெஷினைக் கழற்றிப் பூட்டினார், ஊருக்குள் சைக்கிளில் போய் ஒவ்வொரு வீட்டிலும் தேநீர் குடித்துவிட்டு வந்தார். கடைசிப் போரில் அவருடைய தலையில் ஏறிய எறிகணைச் செல் துண்டு இன்னும் உள்ளேதான் இருந்தது; எடுத்தால் ஆபத்து என்று அப்போதே விட்டுவிட்டார்கள். வலது காதுக்கு மேலே தொட்டுக்காட்டி, “என்ர ரேடியோ இண்டைக்கு மழையெண்டு சொல்லுது” என்பார். மழை வராவிட்டால், “பற்றரி முடிஞ்சுது” என்பார்.

மாசி மகத்துக்கு முந்திய நாள், பகல். தெருவில் காய்ந்த நெல்லைக் காலால் கிளறிக்கொண்டு நடந்தவர் அப்படியே சரிந்தார். அக்கா, வெயில் என்று நினைத்துத் தண்ணீர்ச் செம்போடு ஓடினார். கை கால் வெட்டி இழுத்தது. வாயில் நுரை. அன்ரி தன் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை அவர் கைக்குள் திணித்தார். கண்ணுக்குள்ளும் காதுக்குள்ளும் நெல். ஒரு வலிப்பு நின்று, மூச்சு வாங்குவதற்குள் அடுத்தது தொடங்கியது. அம்புலன்ஸ் வரும்வரை அக்கா அவருடைய தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, “இஞ்சை பாருங்கோ, இஞ்சை என்னைப் பாருங்கோ” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

கிளிநொச்சி ஆஸ்பத்திரியில், அவருக்குத் தெளிந்த பிறகு, இளம் வைத்தியர் ஒருவர் கட்டிலடியில் நின்று கேட்டார்.

“ஐயாவுக்கு இது முதலும் வந்திருக்கோ?”

அத்தான் அக்காவைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துச் சொன்னார். “ஓம் டொக்டர். உள்ளுக்கை இருக்கேக்கை. செல் துண்டாலைதான் எண்டவை. குளிசை தந்தவை. வருசக்கணக்கா வரேல்லை.”

“குளிசையை எப்ப விட்டனீங்கள்?”

“வந்த அண்டைக்கு.”

“ஐயோ, ஏன் விட்டனீங்கள்?”

அவர் மெல்ல, “பைக்குள்ளை கிடந்தது” என்றார்.

சிறைக்குள்ளே மருந்தாளர் காலையும் பின்னேரமும் வரிசையில் நிற்கவைத்து, அந்த நேரத்துக்குரிய குளிசையை மட்டும் கையில் போடுவார். விழுங்கிவிட்டு வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டவேண்டும். வெளியே விடுகிறபோது அந்த மருந்தாளர் இரக்கப்பட்டு, அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை போதும் என்று கொஞ்சக் குளிசையையும் மருந்து விவரம் எழுதிய துண்டையும் சாரத்துக்குள் சுற்றி அந்தப் பைக்குள் வைத்துவிட்டிருக்கிறார். அதைவிட வேறொன்றும் இல்லை. ஒரு கிளினிக் தேதி இல்லை, இன்ன ஆஸ்பத்திரிக்குப் போ என்று ஒரு கடிதமும் இல்லை.

அக்கா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“எனக்கு ஏன் ஒருநாளும் சொல்லேல்லை?”

“கம்பிக்கு அங்காலை நிண்டு நீர் அழுறதுக்கே நேரம் காணாது. அதுக்கை உந்த வருத்தத்தையும் சொல்லவோ?”

“சரி. அப்ப பை போகேக்கை ஏன் வாய் திறக்காமல் நிண்டனீங்கள்? ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் நான் குதிச்சு எடுத்திருப்பனே!”

அவர் தன் இரண்டு கைகளையும் பார்த்தார்.

“நீர் வைக்கச் சொன்னீர். வைச்சன்.”

வைத்தியர் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, “என்ன குளிசையெண்டு ஞாபகம் இருக்கோ ஐயா?” என்றார்.

“காலமை வெள்ளை ஒண்டு, றோஸ் ஒண்டு. பின்னேரம் வெள்ளை பாதி.”

“என்ர அலுமாரியிலை முக்கால்வாசியும் வெள்ளைதான் ஐயா,” என்று அவர் சிரித்தார். யாரும் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டார். பிறகு என்னை வெளியே அழைத்து விளக்கினார். இப்போது ஒரு மருந்தைச் சிறிய அளவில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டவேண்டும். அங்கே எந்த மருந்துக் கூட்டு அவருக்குச் சரிவந்தது என்று தெரிந்தால் நேரே அதையே கொடுக்கலாம். “விட்டு விட்டு வந்தால் சமாளிக்கலாம். நிக்காமல் ஒருக்கா வந்துதெண்டால் மூளை தாங்காது. எப்பிடியாவது அந்த விவரத்தை எடுத்துத் தாங்கோ.” அவரே இரண்டு தடவை சிறைக்குத் தொலைபேசி எடுத்துப் பார்த்தார். ஒரு பிரிவு அடுத்த பிரிவைக் கைகாட்டியது. கடைசியில் ஒரு கடிதம் எழுதி எங்கள் கையில் தந்தார்.

பங்குனி முதற் திங்கள் நானும் அக்காவும் ரயிலேறினோம். அக்கா அதே சிவப்புக் கோடு போட்ட பையோடு வந்தார். உள்ளே எள்ளுருண்டை, சவர்க்காரம், துவாய், பனங்கட்டி.

“இது ஆருக்கு அக்கா?”

அவர் பையைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. “கை தன்பாட்டிலை கட்டிப்போட்டுது,” என்றார்.

சிறைவாசம் பற்றிப் பல தேசத்தவர்கள் எழுதியவற்றை நான் படித்திருக்கிறேன். இளமையில் ஒரு பசியோடு தேடிப் படித்தவை. அந்த ரயிலில் இருந்தபோது ஒன்று உறைத்தது: அவற்றுள் பெரும்பாலானவை கதவு திறப்பதோடு முடிந்துவிடுகின்றன. வெளியே வந்தவன் வானத்தைப் பார்ப்பான், புத்தகம் மூடப்படும். அடுத்த நாள் காலைக்குரிய குளிசையை அவனுக்கு யார் கொடுத்தார்கள் என்று ஒருவரும் எழுதவில்லை.

சிறை வாசலில் இருந்த அதிகாரி தமிழ் ஓரளவு கதைத்தார். கடுமையானவர் அல்ல. கடிதத்தை முழுவதும் வாசித்தார்.

“பெயர் இருக்கு அம்மே. ஆனா ஆள் இல்லை. ஆள் வெளியே போனா பைல் மூடும்.”

“ஓம் ஐயா, ஆள் வீட்டைதான். அவர் போட்ட மருந்து என்னெண்டு மட்டும் சொல்லுங்கோ.”

“அது ஆஸ்பத்திரிப் பக்கம். அங்கே போக பாஸ் வேணும். பாஸ் எடுக்க, உள்ளே உங்கட ஆள் இருக்க வேணும்.”

“ஆள் உள்ளுக்கை இருந்தால் நான் ஏன் ஐயா மருந்து கேக்கிறன்?”

அவர் அதற்குத் தலையாட்டினார். நியாயம் என்று ஒப்புக்கொண்டதைப் போல. கடிதத்தைப் பதிந்து வைத்தார். மேலிடத்துக்கு அனுப்புவதாகவும் பதில் தபாலில் வரும் என்றும் சொன்னார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

வெளியே பார்வையாளர் வரிசையில் நின்ற முல்லைத்தீவுக் கரையோரத்துப் பெண் ஒருவர் அக்காவை அடையாளம் கண்டுகொண்டார். கையில் செபமாலை. மகன் உள்ளே.

“உன்ர மனுசன் வெளியாலை வந்திட்டார் எண்டு கேள்விப்பட்டு மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினனான். நீ ஏன் பிறகும் இஞ்சை நிக்கிறாய்? விட்டிட்டு இருக்கேலாதோ?”

அக்கா சிரிக்க முயன்றார். பிறகு தன் பையிலிருந்த எல்லாவற்றையும் எடுத்து அந்தப் பெண்ணின் பைக்குள் வைத்தார். “உன்ர பெடியனுக்குக் குடு. அவன் குளிசை ஏதும் போடுறவனோ?”

“ஓம், நெஞ்சு இழுப்புக்கு. ஏன்?”

“அவன் வரேக்கை கையிலை கொண்டாற பையை எறிஞ்சுபோடாதை. எந்த மூதேவி வந்து முறையெண்டு சொன்னாலும் எறியாதை. அவிட்டுப் பார். ஒவ்வொரு துணியா உதறிப் பார்.”

“அப்பிடி என்னடி பைக்குள்ளை?”

அக்கா வெறும் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தார்.

சித்திரையில் ஆஸ்பத்திரியில் சொன்னபடி குளிசையைக் கூட்டினார்கள். வைகாசியில் ஒருதரம் வலிப்பு வந்தது, சிறியது. ஆனியில் இரண்டு தடவை. அத்தான் ஒவ்வொரு முறையும் விழித்தபோது முன்பைவிடக் கொஞ்சம் குறைவாக விழித்தார் என்றுதான் சொல்லவேண்டும். பகிடி நின்றுபோனது. ரேடியோவைப் பற்றி யாராவது கேட்டால், “எந்த ரேடியோ?” என்பார். ஆஸ்பத்திரி வாசலில் சீருடையோடு நின்ற காவலாளியைக் கண்டதும் கையைத் தூக்கி, காலை அகட்டி நின்றார். அந்தப் பெடியன் பதறிப்போய், “ஐயா, நான் சும்மா செக்கியூரிட்டி ஐயா” என்றான். அதற்குப் பிறகு கிளினிக்குக்கு வரமாட்டேன் என்றுவிட்டார். அக்காவே போய் மருந்தெடுத்து வந்தார். ஆளைப் பார்க்காமல் எத்தனை தரம் தருவது என்று அங்கே சலித்துக்கொண்டார்கள். அவர்களிலும் பிழையில்லை.

ஆடியில் ஒரு குளிசை ஆஸ்பத்திரியில் முடிந்துவிட்டது; வெளியில் வாங்கச் சொன்னார்கள். கிளிநொச்சிக் கடைகளில் இல்லை. நான் வவுனியாவுக்குப் போனேன். ஒரு கடையில் இருந்தது. சட்டைப்பையில் போட்டு, பையின் மேல் கையை வைத்தபடி பஸ்ஸில் வந்தேன்.

சிறுபோகம் கதிர் வந்திருந்த நேரம். நான் வவுனியா போன அன்று காலை அத்தான் வயலுக்குத் தண்ணீர் மாறிவிடப் போயிருக்கிறார். தனியே போகவேண்டாம் என்று அக்கா சொல்லியிருந்தும், அன்ரியோடு ஒரு சொல் கதைக்கத் திரும்பிய இடைவெளியில் மண்வெட்டியோடு போய்விட்டார். பக்கத்து வயல்காரர் கண்டபோது வரம்பில் மல்லாந்து கிடந்து இழுத்துக்கொண்டிருந்தாராம். எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. தண்ணீருக்குள் விழாமல் வரம்பில் விழுந்தாரே என்று ஊரெல்லாம் ஆறுதல் சொன்னது. அது ஆறுதல்தானா என்று இன்றுவரை என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். பல கிழமைகள் அங்கே இருந்தோம். டிஸ்சார்ஜ் துண்டு வெட்டி வீட்டுக்கு விடும்போது அங்கிருந்த பெரிய வைத்தியர் பொறுமையாகச் சொன்னார்: உயிருக்கு இப்போது பயமில்லை, போனது திரும்பாது.

ஐப்பசி மழையோடு சிறையிலிருந்து பதில் வந்தது. மருத்துவ விவரத்தை வழங்கலாம் என்றும், நோயாளி தன் கையெழுத்தில் கோரிக்கை விடுக்கவேண்டும் என்றும் இருந்தது. அத்தான் பேனையை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பத்திரமாக என்னிடமே தந்தார்.

ஊரில் இறந்தவர்களின் நாட்களை நான் எழுதி வைத்திருக்கிறேன். அத்தானுக்கு எந்த நாளை எழுதுவது? பை போன வெள்ளியையா, நெல்லில் விழுந்த நாளையா, வரம்பில் கிடந்த திங்களையா? அந்தத் தாள்களை எடுத்து வைத்துப் பார்க்கிறேன். வெள்ளிக்கிழமைத் தாளில் ‘எல்லாரும் சந்தோசம்’ என்றே இருக்கிறது.

இப்போது ஒவ்வொரு காலையும் அவர் குசினி வாசலில் வந்து நின்று உள்ளங்கையை நீட்டுகிறார். அக்கா குளிசையை வைக்கிறார். விழுங்கி, வாயைத் திறந்து, நாக்கை உயர்த்திக் காட்டுகிறார். “சரி” என்றால் மூடமாட்டார். சிங்களத்தில் “ஹரி” என்று சொல்லவேண்டும். அக்கா குனிந்து பார்த்து, “ஹரி” என்கிறார். அக்காவை யாரென்று அவருக்குத் தெரியாது; மருந்து கொடுக்கும் ஆள். ஒரு காலை அக்காவிடமே கேட்டார்: “விசிட் நாள் எப்ப? என்ர மனுசி வருவா.”

ஒருநாள் அக்கா கடைக்குப் போக அந்தச் சிவப்புக் கோட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய், சாமானோடு படலையைத் திறந்து வந்தார். முன்விறாந்தையில் இருந்த அத்தான் சட்டென்று எழுந்தார்.

“வந்திட்டீரோ! றெயின் பிந்திப்போச்சோ?”

அக்கா படலையிலேயே நின்றுவிட்டார்.

அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் அக்கா தலை வாரி, வெளியே போகிற சேலையைக் கட்டி, பையில் எள்ளுருண்டையும் சவர்க்காரமும் வைத்துக்கொண்டு, பின்பக்க வேலியால் போய் மதகடியில் சற்று நின்றுவிட்டு, முன்படலையால் வருகிறார். அத்தான் கதிரையை இழுத்துக் கம்பித் தூரம் விட்டு இருக்கிறார். வயல் என்ன மாதிரி, தம்பி சுகமோ, மழை பெய்ததோ என்று எல்லாம் கேட்கிறார். அப்போது அவர் முகம் பழைய முகம். “எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, நீர் யோசியாதையும்,” என்கிறார். “இஞ்சை எல்லாம் நல்லாப் பாக்கினம்.”

“ஓம்,” என்கிறார் அக்கா.

சிறிது நேரத்தில் அவரே எழுந்துவிடுகிறார். “நேரம் முடிஞ்சுது. போம். இருட்டுக்கு முதல் போய்ச் சேரும்.”

அக்கா எழும்பி, வெறும் பையை எடுத்துக்கொண்டு, படலையைத் திறந்து தெருவுக்குப் போகிறார்.